பாதிக் களஞ்சியம்

"எல்லாத்தையும் விட்டுட்டேன் அம்மை. இன்னும் ஏன் என்னை உள்ள சேத்துக்க மாட்டேங்கிறீங்க?"

கேட்டவர் அம்பலவாணர். கேட்ட இடம் வெண்ணாற்றங்கரை மடத்துச் சமையற்கட்டு. பதில் சொல்ல வேண்டியவள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சொர்ணாம்பாள் என்பது அவள் பெயர். சுற்றுவட்டாரம் முழுக்க அவளை அம்மை என்றுதான் கூப்பிட்டது. அம்பலவாணரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதாவது சின்னவள். அவருக்குத் தலை முழுக்க நரை, அவளுக்கு நெற்றியோரம் இரண்டு இழை. ஆனாலும் அவள் முன்னால் அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு வேப்பமரம். மத்தியானம் யார் வந்தாலும் சோறு உண்டு. தங்குவதற்கு மட்டும் அம்மை யாரையும் லேசில் விடமாட்டாள்.

அங்கே தங்கியிருந்த நாலைந்து பேரின் முகத்தில் ஓர் அமைதி இருந்தது. அதுதான் அம்பலவாணரைப் பாடாய்ப் படுத்தியது. மனைவி போனதிலிருந்து அவருக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. அந்த அமைதியில் ஒரு பிடி கிடைத்தால் மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நம்பினார். அதற்காக வாரா வாரம் வந்து கேட்டார்.

"எல்லாத்தையுமா?" என்றாள் அம்மை.

"எல்லாத்தையும். நிலத்தை மகன் பேருக்கு எழுதியாச்சு. வீட்டையும் அவன்கிட்ட விட்டாச்சு. வெத்தலையைக்கூட விட்டாச்சு அம்மை."

வெற்றிலையைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் கம்மியது.

"களஞ்சியம்?"

அம்பலவாணர் திடுக்கிட்டார்.

"அதுல பாதிதானே அம்மை நம்மளது."

அம்மை பூசணியின் விதைகளை வழித்து முறத்தில் போட்டாள்.

"வெள்ளையடிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"பாகம் பிரிச்சதிலேருந்து அதை யாரும் தொடல."

"பொங்கல் வருதே ஐயா. உங்க பாதியை உங்க கையால வெள்ளையடிச்சிட்டு வாங்க. சேத்துக்குறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்பலவாணர் விழுந்து கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் போன வருஷமே அடித்திருக்கலாமே என்று வழியெல்லாம் தன்னையே நொந்துகொண்டார்.

*

அந்தக் களஞ்சியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மேலத்தேவனூரில், அம்பலவாணர் குடும்பத்துப் பண்ணைக்கு நடுவில் அது நிற்கிறது. வட்டக் கட்டடம். மூலை என்று ஒன்று கிடையாது. எந்தத் தலைமுறைப் பாட்டன் கட்டினான் என்று குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சுவரின் கனத்தில் ஓர் ஆள் குறுக்கே படுத்துத் தூங்கலாம். மேலே போகப் போக உள்வாங்கி, கவிழ்த்து வைத்த பானை மாதிரி மூடிக்கொள்ளும்.

உச்சியில் ஒரு வாய் உண்டு. அறுவடை முடிந்ததும் வெளிப்புறப் படிகளில் மூட்டையோடு ஏறி, அந்த வாய் வழியாக நெல்லைக் கொட்டுவார்கள். கீழே கிழக்குப் பார்த்து ஒரே ஒரு சின்னக் கதவு. எடுப்பது அதன் வழியாக.

எத்தனையோ புயல் வந்தது. ஆறு உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. அது அசையவில்லை. பேருந்தில் போகிற வெளியூர்க்காரர்கள் அதைக் கோயில் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் தனியாக அந்தப் பக்கம் போகும்போது அவர்களும் ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அதைத்தான் அண்ணனும் தம்பியும் இரண்டாகப் பிரித்தார்கள்.

அண்ணன் அம்பலவாணர். தம்பி உலகநாதன். நிலம் பிரிந்தது, மாடு பிரிந்தது, தென்னை பிரிந்தது. கடைசியில் களஞ்சியத்துக்கு வந்ததும் பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்கள் தலையைச் சொறிந்தார்கள்.

"இதை மட்டும் பொதுவுல விட்டுடலாமேண்ணே" என்றான் உலகநாதன்.

"பாதின்னா பாதிதான்" என்றார் அம்பலவாணர்.

அவரே காவியைக் கரைத்தார். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று வெளிச்சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்தார். அதோடு விட்டாரா? உள்ளே போய் அங்கேயும் இழுத்தார். கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு. கதவு அண்ணன் பக்கம் விழுந்தது. படியும் உச்சி வாயும் பொது.

அந்த வருஷம் அம்பலவாணர் தன் நெல்லை மேலிருந்து கொட்டினார். நெல் நடுவில் விழுந்தது, குவிந்தது, சரிந்தது, கோட்டைப் பற்றிக் கொஞ்சமும் கவலையில்லாமல் தம்பியின் பாதிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் மூங்கில் தட்டி வைத்துத் தடுத்துப் பார்த்தார். தட்டியும் சாய்ந்து தம்பி பக்கம் போனது.

"அண்ணன் நெல்லை என் பக்கத்துலேருந்து எடுத்துக்கச் சொல்லு" என்று ஆள் அனுப்பினான் உலகநாதன்.

"அவன் பக்கம் காலை வைக்க எனக்கு ஏது பாத்தியம்னு கேளு" என்று அதே ஆளைத் திருப்பி அனுப்பினார் அண்ணன்.

நெல் எலிக்கும் புறாவுக்கும் போனது. அதன் பிறகு இருவரும் அவரவர் வீட்டுக் கூடத்தில் சாக்கு மூட்டையாக அடுக்கிக்கொண்டு, படுக்க இடமில்லாமல் அவதிப்பட்டார்கள். களஞ்சியம் காலியாகக் கிடந்தது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தையும் அற்றுப்போனது.

*

கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வந்து நீற்றினார் அம்பலவாணர். துணியில் வடிகட்டினார். கஞ்சித் தண்ணீர் சேர்த்தார், துளி நீலம் சேர்த்தார். மகன் ஆள் வைத்துத் தருவதாகச் சொன்னான்.

"என் கையாலதான் அடிக்கணும். அம்மை உத்தரவு" என்று அவனை விரட்டிவிட்டார்.

பிறந்ததிலிருந்து அவர் வெள்ளையடிக்கும் மட்டையைப் பிடித்தவரில்லை. முதல் இழுப்பு இழுத்தார். சுவரில் ஈரம் மட்டும் தெரிந்தது. இன்னொன்று இழுத்தார். அதே ஈரம். சுண்ணாம்புக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, களி மாதிரி குழைத்து அப்பினார். காலையில் வந்து பார்த்தால் அப்பியதெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தது. உதிராமல் நின்றது முதலில் இழுத்த இரண்டு இழுப்புத்தான். அவை பால் மாதிரி வெளுத்திருந்தன.

அப்புறம்தான் அவருக்கு விளங்கியது. சுண்ணாம்பு ஈரத்தில் ஒன்றும் காட்டாது. காய்ந்தால்தான் வெளுக்கும்.

வெயில் படும் சுவரில் அடித்தாலும் நிற்காது, உடனே காய்ந்து மாவாகக் கொட்டிவிடும். அதனால் நிழலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பாதி கிழக்கே. மத்தியானத்துக்கு மேல்தான் அங்கே நிழல் விழும். காலை முழுக்க நிழல் உலகநாதன் பக்கம் போய் நின்றுகொண்டது. வேறு வழியில்லாமல் அம்பலவாணரும் அங்கேயே போய் உட்கார்ந்தார். தம்பியின் சுவர் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்ததைப் பார்த்தபோது அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷமும் நீடிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் அவர் வந்தபோது அந்தச் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. ஏணிமேல் உலகநாதன் மட்டையோடு நின்றான்.

அண்ணன் பாதி வெள்ளையாக நின்றால் தன் பாதி பார்க்கச் சகிக்காது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ரோஷத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

காலையில் தம்பி, மாலையில் அண்ணன். டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இருவரும் அவரவர் பாதியை முடித்தார்கள். கோட்டின் மேல் ஒரு துளிகூடத் தெறிக்காமல் அண்ணனும் பார்த்துக்கொண்டார், தம்பியும் பார்த்துக்கொண்டான். இரண்டு வெள்ளைக்கும் நடுவே காவிக்கோடு முன்னைக்கு இப்போது பளிச்சென்று தெரிந்தது.

*

"முடிச்சிட்டேன் அம்மை" என்று வந்து நின்றார் அம்பலவாணர். நகக்கண்ணில் சுண்ணாம்பு, முகமெல்லாம் பெருமை. கையில் துணி மூட்டைகூட இருந்தது. அன்றே தங்கிவிடும் எண்ணம்.

அம்மை கிணற்றடியில் சோற்று அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வந்திருக்குங்களா?"

"வந்து பாருங்க அம்மை. கண்ணு கூசும்."

அம்மை தேய்த்த அண்டாவை அவர் பக்கமாகச் சாய்த்தாள். வெளிப்புறம் பளபளத்தது. உள்ளே தீய்ந்த சோறு அடியோடு ஒட்டிக் கிடந்தது.

"உள்ள?" என்றாள்.

அம்பலவாணர் அண்டாவைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்.

*

களஞ்சியத்தின் வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே நெல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செருப்புக் கால் படக்கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். குனிந்து உள்ளே போனார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பழைய உமியின் வாசனை மட்டும் அடித்தது. கண் பழகியதும் நிமிர்ந்தார்.

உச்சி வாயிலிருந்து வெளிச்சம் இறங்கி நின்றது. ஒரு தூண் அளவு வெளிச்சம். அதைச் சுற்றிலும் இருட்டு. இருட்டைச் சுற்றிலும் சுவர். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாத சுவர்.

எத்தனையோ தடவை உள்ளே வந்திருக்கிறார். அப்போதெல்லாம் நெல் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், சத்தம் இருந்தது. காலியாக இருந்தபோது வந்தது கோடு போட்ட அன்று மட்டும்தான். அன்றைக்கு அவர் கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

இவ்வளவு பெரிதாகவா இருந்தது? அவருக்குக் கும்பிட வேண்டும் போலத் தோன்றியது. கையை எடுத்தவர், மேலே சத்தம் கேட்டுச் சட்டென்று இறக்கிக்கொண்டார்.

உச்சி வாய் வழியாக ஒரு நூலேணி விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் சுண்ணாம்பு வாளி தொங்க, உலகநாதன் இறங்கி வந்தான். அண்ணன் உள்ளே போனதை அவனும் பார்த்துவிட்டான். கதவு அண்ணன் பாகம். அதன் வழியாக வருவதற்கு அவன் என்ன மானங்கெட்டவனா? உச்சி வாய் பொதுதானே. அவனும் செருப்பை மேலேயே விட்டுவிட்டுத்தான் இறங்கினான்.

வெளியே வெயிலும் நிழலும் இருவரையும் முறை வைத்துப் பிரித்திருந்தன. உள்ளே எந்நேரமும் நிழல். ஒரே நேரத்தில் இருவரும் வேலை செய்தார்கள். அண்ணன் கிழக்குச் சுவரைப் பார்த்தபடி, தம்பி மேற்குச் சுவரைப் பார்த்தபடி. திரும்பினால் முகம் பார்க்க வேண்டிவருமே என்று இருவரும் திரும்பவில்லை.

அம்பலவாணருக்கு வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடியே அடித்தார்.

"கதவு வழியா வந்தா தேஞ்சா போயிடுவான்? வீம்பு. பொறந்ததிலேருந்து வீம்பு. ஆத்தா செல்லம் குடுத்தே கெடுத்துச்சு. இவனுக்கு நான் எவ்வளவு செஞ்சிருப்பேன். நன்றி கெட்ட பய. இவன் மூஞ்சியில முழிச்சாலே அன்னைக்கி நாள் விளங்காது..."

இப்படியே முதல் நாள் போனது, அடுத்த நாளும் போனது. மனசிலிருந்ததெல்லாம் வாயில் வந்தது. யாருக்குக் கேட்கப்போகிறது? தம்பி நின்ற இடம் அத்தனை தூரம்.

பிறகு ஒரு நாள் உயரத்தில் அடிப்பதற்காக ஏணியில் ஏறினார். பாதியில் ஒரு கால் வழுக்கியது. ஏணி சத்தத்தோடு ஆடியது. சுவரைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைச் சுவரில் பதித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

அவர் காதுக்குள் ஒரு குரல் கேட்டது.

"மெல்ல... மெல்ல... புடிச்சிக்க..."

அம்பலவாணர் சுவரை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டார்.

"முட்டி வலியை வச்சிக்கிட்டு எதுக்கு இந்த வயசுல ஏணி ஏறணும்? கீழ புடிச்சிக்க ஒரு ஆளு இல்ல. விழுந்து வச்சா நான் அங்கேருந்து ஓடி வர்றதுக்குள்ள என்ன ஆவுமோ. கடவுளே, இறங்கச் சொல்லேன்..."

பக்கத்தில் நின்று காதோடு சொன்ன மாதிரி இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. மேலே யாரும் இல்லை, கீழே யாரும் இல்லை. சுவர்தான் பேசுகிறது என்று நினைத்தார். பாட்டன் பேசுகிறானோ என்று நினைத்தார். கதவு சாத்தியிருக்கிறதே, எப்படி வெளியே ஓடுவது என்றும் நினைத்தார்.

மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார்.

வெளிச்சத் தூணுக்கு அந்தப் பக்கம், மேற்குச் சுவரோடு முகத்தை வைத்தபடி உலகநாதன் நின்றான். முதுகுதான் தெரிந்தது. மட்டை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் பக்கம் அவன் திரும்பவில்லை.

அம்பலவாணர் காதைச் சுவரிலிருந்து எடுத்தார். குரல் நின்றது. காதை மறுபடி வைத்தார்.

"...இறங்கிட்டாரா இல்லையான்னு தெரியலையே. திரும்பிப் பாத்தா கோவம் வரும் மனுஷனுக்கு..."

தம்பி அங்கே சுவரிடம் சொன்னதைச் சுவர் வளைந்து வளைந்து கொண்டுவந்து அண்ணன் காதில் போட்டது. ஒரு சொல் சிந்தவில்லை. இத்தனை காலம் இதற்குள் புழங்கியும் அவருக்கு இது தெரியாது. நெல் நிறைந்து கிடந்தபோது தெரிய வழியும் இல்லை. அவர் அந்தச் சுவரை உள்ளங்கையால் தடவினார்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

அங்கே சொன்னது இங்கே கேட்டால், இங்கே சொன்னது?

வீம்பு பிடித்தவன். நன்றி கெட்ட பய. மூஞ்சியில் முழித்தால் விளங்காது. அத்தனையும் போயிருக்கும். அவன் காதிலேயே நேரே போய் விழுந்திருக்கும். கேட்டிருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மறுநாளும் நூலேணியில் இறங்கி வந்திருக்கிறான். அதற்கப்புறமும் அண்ணனுக்கு முட்டி வலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அம்பலவாணர் ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினார். தரையில் உட்கார்ந்தார். வெட்கத்தில் அவருக்கு முகம் எரிந்தது. மனைவி போன அன்றுகூட அழாதவர், துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். சுவருக்குக் கேட்டுவிடக்கூடாதே என்ற பயம்.

*

அன்று முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. அண்ணன் முணுமுணுப்பு நின்றுபோனதைப் பார்த்து உலகநாதனுக்கும் விஷயம் புரிந்துவிட்டதோ என்னவோ, அவனும் வாயை மூடிக்கொண்டான். மட்டைகளின் சத்தம் மட்டும் சுவரைச் சுற்றி வந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு அம்பலவாணர் வடக்குக் கோட்டுக்கு வந்து சேர்ந்தார். நேர் எதிரே, தெற்குக் கோட்டுக்கு உலகநாதன் வந்து சேர்ந்தான்.

வெளிச்சத்தில் கோடு இரத்தம் மாதிரி சிவந்து நின்றது. அவர் கையால் போட்டது. நாலு விரல் அகலம். ஆசையாசையாகப் போட்டிருந்தார். கண் தெரியாதவன்கூடத் தடவிப் பார்த்து இதுதான் கோடு என்று சொல்லிவிடுவான்.

அம்பலவாணர் வாயைச் சுவரருகே கொண்டுபோனார்.

"தம்பி."

எதிர்ச் சுவரில் மட்டையின் சத்தம் நின்றது.

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான்:

"இங்க கோடு தெரியலடா."

அம்பலவாணர் காதைச் சுவரோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். தன் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. அவ்வளவுதான், இனி ஒன்றும் இல்லை என்று அவர் நினைத்த நேரத்தில் குரல் வந்தது. உடைந்துபோன குரல்.

"இங்கயும் தெரியலண்ணே."

அம்பலவாணர் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தார். கோட்டின் மேல் இழுத்தார். ஈரத்துக்கடியில் கோடு இன்னும் சிவப்பாகத்தான் தெரிந்தது. அவர் கவலைப்படவில்லை. காயட்டும் என்று விட்டுவிட்டு, அந்தப் பக்கம் தாண்டி அடிக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் உலகநாதன் வாளியை இடுப்பில் கட்டிக்கொண்டு நூலேணியைப் பிடித்தான்.

"கதவு தொறந்துதான்டா இருக்கு" என்றார் அம்பலவாணர்.

உலகநாதன் நூலேணியைக் கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றான். பிறகு விட்டுவிட்டு, குனிந்து, கதவு வழியாக வெளியே போனான். மேலே விட்ட செருப்பு ஞாபகம் வந்து படியேறி எடுத்துவரப் போனவனை, அண்ணன் கீழேயே காத்திருந்து கூட்டிக்கொண்டு போனார்.

*

மடத்தில் அம்மை எதிர்பார்த்தாள். அம்பலவாணர் வரவில்லை.

பொங்கல் வந்து போனது. அவர் வரவில்லை. சம்பா அறுப்பு தொடங்கியது. "அந்த ஐயாவுக்கு இடம் ஒழிச்சு வச்சேனே" என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலையில் அடுப்பை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு மேலத்தேவனூருக்கு நடந்தாள்.

களஞ்சியம் தூரத்திலேயே தெரிந்தது. அம்மை நேராக வாசலுக்குப் போகவில்லை. வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்து, கையை எடுக்காமல் ஒரு சுற்று நடந்தாள். கோட்டைத் தேடினாள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தபோது கை வெள்ளையாக இருந்தது.

வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அன்றைக்குத்தான் முதல் நெல் கொட்டுகிறார்கள். கொட்டும்போது வீட்டுக்குப் பெரியவர்கள் உள்ளே நிற்பது வழக்கம். வடக்குச் சுவரோரம் அம்பலவாணர் நின்றார். தெற்குச் சுவரோரம் உலகநாதன் நின்றான். மேலே யாரோ குரல் கொடுத்தார்கள்.

உச்சி வாயிலிருந்து நெல் இறங்கியது.

வெளிச்சத் தூணுக்குள்ளேயே விழுந்தது. விழும் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக மின்னியது. சத்தம் மழைச் சத்தம். அது சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்தத் திசையில் பெய்கிறது என்றே தெரியாமல் ஆக்கியது. நடுவில் குவிந்தது, சரிந்தது, அண்ணன் காலையும் தம்பி காலையும் ஒரே நேரத்தில் போய்த் தொட்டது.

அம்மை வந்த காரியத்தை மறந்துவிட்டாள். எத்தனையோ பேருடைய கேள்விக்குப் பதில் சொன்னவளுக்குக் கண்ணில் நீர் கட்டி நின்றது. செருப்பைக் கழற்றினாள். குனிந்து சுவரின் கனத்துக்குள் வந்தவளுக்கு உள்படியைத் தாண்டத் தைரியம் வரவில்லை. உட்பக்கச் சுவரில் தலையைச் சாய்த்து நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா" என்றாள்.

அம்பலவாணர் திரும்பிப் பார்த்துப் பதறிப்போனார்.

"அம்மை! வரணும் வரணும்னுதான் இருந்தேன். அறுப்பு வந்துருச்சு, தம்பி ஒருத்தனால முடியல, ஆளும் பத்தல..."

அம்மை கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"என்னைக் கொஞ்சம் உள்ள சேத்துக்குவீங்களா?"

அம்பலவாணர் அவளைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி, உதடு மட்டும் அசைய என்னவோ கேட்டார்.

எதிரே, அத்தனை தூரத்தில், உலகநாதனும் சுவர்ப்பக்கம் திரும்பினான்.

அம்மையின் காதோடு காதாக ஒரு குரல் சொன்னது:

"இதுக்குப் போயி என்னைக் கேப்பாங்களாண்ணே? வரச் சொல்லுங்க."

அம்மை சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.